தணிக்கை ஆட்சேபணை, பத்தி 7

அழைப்பிதழைத் தட்டச்சு செய்தது நான்தான்.
'மாண்புமிகு' போடலாமா என்று கேட்டேன்.
போடு, என்றார் தலைவர் பங்காரம்மாள்,
டெல்லியில் போடுகிறார்கள், நமக்கென்ன.

டெல்லிக்கு அந்த வருஷம்
கடல் தாண்டி ஓர் அதிபர் வருவதாக இருந்தது.
அவர் நாட்டோடு நமக்குப் பாமாயிலில் தகராறா
எல்லைக்கோட்டில் தகராறா என்று
டீக்கடையில் இரண்டு கட்சி.
தகராறு உள்ளவரைத்தான் கூப்பிட்டு
முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்,
பீரங்கியையும் காட்டுவார்கள், பிரியாணியும் போடுவார்கள்
என்பதில் மட்டும் ஒரே கட்சி.

எங்களுக்குத் தகராறு ஒன்றுதான்.
ஒன்றரை கிலோமீட்டர் மேற்கே
எகுவகுண்டாக்காரர்கள்
ஆற்றுக்குக் குறுக்கே இடுப்பளவு எழுப்பிய சுவர்.
எங்கள் கலெக்டருக்குப் பதினொரு மனு.
அவர்கள் கலெக்டருக்கு நாலு, அதுவும் தெலுங்கில்.
ஒருமுறை சட்டை கிழிந்தது.

ஆகவே
குடியரசு தினச் சிறப்பு விருந்தினர்:
எகுவகுண்டா சர்பஞ்ச் மல்லெல ஓபுலேசு.

வெளி ஆளையா, என்று குதித்தார் மூன்றாவது வார்டு.
தலைவரின் பெரிய நாத்தனாரைக் கொடுத்திருப்பதே
அந்த ஊரில்தான்.
இரண்டு மணி நேரம் வாக்குவாதம்
முழுக்கத் தெலுங்கில் நடந்தது.
தீர்மானத்தை மட்டும் நான் தமிழில் எழுதினேன்.

எட்டரைக்குக் கொடி.
ஒன்பதே கால் வரை விருந்தினர் இல்லை.
இருபத்தாறாம் தேதி என்பதால்
சோதனைச்சாவடியில் கெடுபிடி.
அழைப்பிதழைக் காட்டியிருக்கிறார்.
காவலர் அதை முன்னும் பின்னும் படித்து,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு
ஓபுலேசு ஆற்றில் இறங்கி நடந்து வந்தார்.
செருப்புகூட நனையவில்லை.

எங்களிடம் பீரங்கியா இருக்கிறது.
நாற்பத்து மூன்று பிள்ளைகள்,
ஒரு பக்கம் கிழிந்த டிரம்,
மண்வெட்டியைத் தோளில் சாய்த்து
நூறுநாள் வேலைப் பெண்கள்
(ஜான்சிராணி டீச்சர் எவ்வளவு கத்தியும்
கடைசி வரை கால் சேரவில்லை).
முடிவில் அலங்கார ஊர்தி:
கோவர்த்தனத்தின் டிராக்டரில்
இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிடித்து ஆட்ட
நீளமாக ஒரு நீலப் புடவை.
அதுதான் ஆறு.

சல்யூட் வைப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல்
இரண்டையும் பாதிப்பாதி செய்துகொண்டிருந்தவர்
டிராக்டர் தாண்டும்போது
கையைக் கீழே விட்டார்.
இது யார் புடவை,
என் காதருகே தெலுங்கில் கேட்டார்.
தலைவருடையது, சம்பந்தி வீட்டில் எடுத்துக் கொடுத்தது, என்றேன்.
உங்கள் ஊர்க் கடைதான்.
ம், என்றார்.

பேசச் சொன்னபோது
பாரத மாதாவைப் பற்றி நாலு நிமிஷம் பேசினார்.
சுவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும்.
கேசரி சாப்பிட்டார். மறுபடி ஒருமுறை வாங்கிக்கொண்டார்.
சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு
வந்த மணலிலேயே திரும்பினார்.

சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது.
பலகை ஏதும் தூக்கினார்களோ என்னவோ,
பிப்ரவரியில் நாலு நாள்
எங்கள் பக்கத்து மணல் கறுத்துக் கிடந்தது.
மழை என்கிறார்கள்.
என் மழைப் பதிவேட்டில்
அந்த நாலு நாளும் கோடுதான் போட்டிருக்கிறேன்.

இப்போது திருவள்ளூரிலிருந்து தணிக்கை வந்திருக்கிறது.
பத்தி ஏழு:
பிற மாநிலத்தவருக்குச் சால்வை 240, மாலை 350,
குடிநீர் கேன் இரண்டு (ரசீது எகுவகுண்டா).
எந்த அரசாணையின்படி? எந்தக் கணக்குத் தலைப்பில்?

'நல்லுறவு' என்று எழுதி அடித்தேன்.
'இதர செலவினம்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.
பீரங்கிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவதை
டெல்லியில் எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள்?
தெரிந்தவர்கள் சொல்லலாம்.
பதினைந்து நாள் அவகாசம்,
அதில் ஆறு போய்விட்டது.